விரதத்துக்கு நிறுத்திய மருந்து

என் முதுகைப் பற்றி வீட்டிலும் வெளியிலும் எல்லோருக்கும் ஒரே கருத்துதான் இருந்தது. வேனை விற்றுவிட்டு வீட்டில் உட்கார வேண்டுமாம். வலி எனக்கு, முடிவு மட்டும் மற்றவர்களுக்கு. அதனால்தான் நான் எப்படி விழுந்தேன், எப்படி எழுந்தேன் என்பதை நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதை என் வீட்டுக்காரர் சொன்னால் பாதியில் அழுதுவிடுவார். என் சிநேகிதி லெட்சுமி அக்கா சொன்னால் என்னைத் திட்டி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

என் பெயர் சரோஜா. வயது ஐம்பத்து மூன்று. மலேசியாவில், கெடா மாநிலத்து லூனாஸில் குடியிருக்கிறேன். பாடாங் மேஹா பக்கத்து எஸ்டேட் வீடுகளிலிருந்து பதினோரு பெண்களை ஏற்றி, கூலிமில் இருக்கும் கையுறைத் தொழிற்சாலையில் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவதும் என் வேலை. தொழிற்சாலைக்கு மலாயில் கிலாங் என்று பெயர், அதனால் கிலாங் வேன் என்று இங்கே சொல்வோம். அதற்கு முன் பத்து வருடம், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கினேன். குனிந்து பொறுக்கி, கோணியில் கட்டி, தோளில் தூக்கி ரோட்டோரம் வரை நடக்க வேண்டும். அந்தப் பத்து வருடத்தில் ஒருவர்கூட என் முதுகைப் பற்றிக் கேட்டதில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்த பிறகுதான் எல்லோருக்கும் அக்கறை பொத்துக்கொண்டு வந்தது.

அந்த டிரைவர் சீட்டை நான் லேசில் விடமாட்டேன். யார் தயவும் இல்லாமல் நான் உட்கார்ந்த முதல் இடம் அது. அங்கே உட்கார்ந்தால் கங்காணி கிடையாது, வேலை ஏவுகிற மண்டோர் கிடையாது. நான் கிளம்பினால்தான் வண்டி கிளம்பும். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். நான் செய்த நல்லது கெட்டது எல்லாம் அந்த சீட்டுக்காகத்தான்.

வலி போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆரம்பித்தது. முதலில் இடுப்பில் ஒரு பிடிப்பு. பிறகு இடது பிட்டத்தில் தொடங்கி, தொடைக்குப் பின்னால் இறங்கி, குதிகால் வரை ஒரு சுண்டி இழுப்பு. இடது கால்தான் கிளட்ச் மிதிக்கிற கால். சிக்னலில் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பேன். பக்கத்து சீட்டில் எப்போதும் லெட்சுமி அக்காதான். ஐம்பத்தெட்டு வயது, முட்டி வலிக்காரி, இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி வேறு. வேனில் முதலில் ஏறுவதும் கடைசியில் இறங்குவதும் அவர்தான். "பல்லு உடைஞ்சிடப் போகுது, மெதுவா கடி" என்பார்.

அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, நான்கு மாதம் காத்திருந்து, எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்க வைத்து, காதுக்குப் பக்கத்தில் தகரத்தைத் தட்டுகிற மாதிரி சத்தம் கேட்கும் பரிசோதனை அது. முதுகெலும்பு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகள். கட்டைக்குக் கட்டை நடுவில் ஒரு மெத்தை. என் இடுப்புக்குக் கீழே ஒரு மெத்தை பின்பக்கம் பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது என்றார்கள். கத்தி வைக்கும் அளவுக்கு இல்லை, மாத்திரையும் உடற்பயிற்சியுமாகப் பார்க்கலாம் என்றார்கள்.

மாத்திரை மூன்று விதம். சாதாரண வலி மாத்திரை ஒன்று, அது வயிற்றைக் கெடுக்காமல் இருக்க ஒன்று, நரம்பு வலிக்கு ஒன்று. அந்த மூன்றாவதைக் கொடுக்கும்போது மருந்து கொடுக்கிறவர், "இதைப் போட்டால் தூக்கம் வரும். பழகும்வரை வண்டி ஓட்டக்கூடாது" என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு சனிக்கிழமை போட்டுப் பார்த்தேன். மறுநாள் பல் துலக்கும்போதே கண் செருகியது. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. அந்த மாத்திரைப் பட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எழுதிக் கொடுத்தவரிடம் திரும்பிப் போய், ஐயா, விடியற்காலையில் வேன் ஓட்டுகிறவள் நான், இதற்கு என்ன வழி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் 'ஓட்டாதே' என்று எழுதிவிடுவார் என்று பயம்.

அப்புறம்தான் லூனாஸ் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், அந்தக் கேப்சூல் கிடைத்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மேசைக்குப் பின்னால் ஒருவன் பேசிக்கொண்டிருந்தான். எல்லாம் வேராம், மூலிகையாம், பக்கவிளைவே கிடையாதாம். "அக்கா, மூணே நாள். நாலாவது நாள் நீங்க என்னைத் தேடி வருவீங்க லா" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. மூன்றே நாளில் வலி போய்விட்டது. தூக்கமும் வரவில்லை. கிளட்ச் பஞ்சு மாதிரி இறங்கியது. நான்காவது நாள் நானே அவனைத் தேடிப் போய் இன்னும் இரண்டு போத்தல் வாங்கினேன்.

எட்டு மாதம் சாப்பிட்டேன். முதலில் தினம் ஒன்று, பிறகு இரண்டு. பசி பிய்த்துக்கொண்டு வந்தது. முகம் உருண்டது. வேனில் ஏறுகிறவர்கள், "அக்கா, மூஞ்சி பளபளன்னு இருக்கு, என்ன விசேஷம்?" என்று கிண்டல் செய்தார்கள். வீட்டுக்காரர் மணியம், கூலிமில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர், "உடம்பு தேறிட்ட சரோ" என்று சந்தோஷப்பட்டார். கையில் காரணமில்லாமல் ஊதா ஊதாவாகக் கன்றிப் போனதை மட்டும் நான் நீளக்கை சட்டை போட்டு மறைத்தேன்.

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முருங்கைக்காய் காய்த்தால் எப்படித் தனியாகச் சமைத்துச் சாப்பிட மாட்டோமோ, அப்படித்தான் மாத்திரையும். எனக்குக் கேட்டது, நீயும் போட்டுப் பார். சரஸ்வதிக்குக் கொடுத்த சளி மருந்தை சாந்திக்கும் கொடுப்போம். நானும் கொடுத்தேன். லெட்சுமி அக்காவின் முட்டிக்கு முதலில், அப்புறம் வேனிலேயே இன்னும் மூன்று பேருக்கு. வாங்கின விலைக்கே கொடுத்தேன். அதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் வியாபாரம் செய்யவில்லை, அன்பாகத்தான் கொடுத்தேன் என்பதற்காக. அன்பாகக் கொடுத்தாலும் உள்ளே இருப்பது மாறிவிடாது என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

தைப்பூசம் வந்தது. லெட்சுமி அக்காவும் நானும் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தோம். வலி போனதற்கு நன்றி சொல்லத்தான். பத்து நாள் விரதம். விரதம் தொடங்குவதற்கு முதல் நாள் காலை, சிவப்பு விளக்கில் நிற்கும்போது போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். ஹலால் முத்திரை இருந்தது.

"அக்கா, இந்தக் கேப்சூல் கூடு எதுல செய்றாங்க தெரியுமா?" என்று கேட்டேன்.

"பிளாஸ்டிக்கா?"

"பிளாஸ்டிக்க எப்படி முழுங்குவாங்க. எலும்பு, தோலு இதெல்லாம் காய்ச்சி எடுக்கற பசைலதான் செய்வாங்களாம். ஹலால்னு போட்டிருக்கு, அப்ப பன்னி இல்ல. பன்னி இல்லன்னா மாடுதானே."

லெட்சுமி அக்கா வாயில் கை வைத்தார். "முருகா. அப்ப இத்தன நாளா?"

"இத்தன நாளு போனது போகட்டும். விரதத்துல வேணாம்லா. பத்து நாளுதானே, பல்லக் கடிச்சுக்கலாம்."

எவ்வளவு புத்திசாலித்தனமாகப் பேசியிருக்கிறேன் பாருங்கள். கூடு எதில் செய்தது என்று அவ்வளவு ஆராய்ச்சி செய்தவள், கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. அன்றைக்கே இருவரும் நிறுத்தினோம்.

மூன்றாம் நாள் வலி திரும்பியது. அதை எதிர்பார்த்தேன். எதிர்பாராதது மற்றதெல்லாம். எழுந்தால் தலை சுற்றல், சோற்றைப் பார்த்தால் குமட்டல், கை கால் எல்லாம் ஈரத் துணி மாதிரி தொய்ந்து போனது. விரதக் களைப்பு என்று வீட்டுக்காரர் சொன்னார், நானும் அப்படியே நினைத்தேன். கோயிலில் ஒருவர், சாமி சோதிக்குது, தாங்கிக்கோ என்றார். தாங்கிக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததே அது ஒன்றுதானே.

ஆறாம் நாள் காலை பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். செம்பனை ஆலை முச்சந்தி தாண்டும்போதே கண்ணுக்கு முன்னால் ரோடு வெளுத்தது. தலையை உலுக்கிக்கொண்டு ஓட்டினேன். தொழிற்சாலை வாசலில் நிறுத்தி, எல்லோரும் இறங்கிப் போனதும், நானும் கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று இறங்கினேன். தரை மேலே வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வாசல் காவலர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாராம்.

எமர்ஜென்சியில் என்னைச் சுற்றி ஒரே ஆட்கள். இரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போயிருந்தது. உப்புச் சத்து குறைவு, சர்க்கரை குறைவு. இரண்டு கையிலும் டிரிப் ஏற்றினார்கள். ஒரு பெண் டாக்டர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார், சட்டைக் கையை மேலே தள்ளிக் கன்றல்களைப் பார்த்தார், ஏதோ ஓர் ஊசிக்குச் சொன்னார். அந்த ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் எனக்கு உயிர் வந்தது. டாக்டர் நிர்மலா என்று பெயர். அலோர் ஸ்டாரைச் சேர்ந்தவர், என் மகளாக இருக்கக்கூடிய வயது.

"அம்மா, வேற மருந்து ஏதும் எடுத்தீங்களா? ஜாமு, மூலிகை, சந்தையில விக்கிற மருந்து?"

"இல்ல டாக்டர்."

மறுநாள் வார்டில் வந்து மறுபடியும் கேட்டார். இல்லை என்றேன். அவர் கேட்பதை எல்லாம் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் ஏறுவது லைசென்ஸ் ஆபீஸ் வரைக்கும் போகும் என்பது என் எண்ணம். கண்ட மருந்தைச் சாப்பிட்டு வண்டி ஓட்டினாள், வண்டியிலிருந்து இறங்கியவுடன் மயங்கி விழுந்தாள் என்று ஒருமுறை எழுதிவிட்டால் சீட் போச்சு. அதற்கு வலியே மேல் என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது முறையும் இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மக்சிக், வயதான மலாய்க்கார அம்மா, இருந்தார். ரொக்கியா என்று பெயர், கோலா கெடாவில் கருவாடு விற்கிறவர். இடுப்பெலும்பு நொறுங்கிப் படுத்திருந்தார். மலாயில்தான் பேசிக்கொண்டோம். தமிழ் தெரியாவிட்டாலும் 'ஜாமு' என்ற சொல்லையும் நான் தலையாட்டி மறுத்ததையும் கவனித்துக்கொண்டே படுத்திருந்தவர், டாக்டர் போனதும் தன் முகத்தைத் தொட்டுக் காட்டி, என் முகத்தைக் காட்டினார். "பார்த்தாயா, உனக்கும் எனக்கும் ஒரே மூஞ்சி. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி" என்றார். அவரும் இரண்டு வருடம் அதே மாதிரிக் கேப்சூல் சாப்பிட்டவராம். வந்த அன்றே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். "படுத்தது நான். அவர்கள் என்ன என்னை இதைவிடக் கீழேயா தள்ளப் போகிறார்கள்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குப் பறிபோக லைசென்ஸ் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

வார்டு நாட்களைப் பற்றி என்ன சொல்ல. விடியும் முன் நர்ஸ் மிஸி வந்து இரத்தம் எடுப்பார். எட்டு மணிக்குக் கஞ்சி. பத்து மணிக்கு டாக்டர்கள் கூட்டமாக வந்து என் முதுகைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவார்கள். வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்போது தெர்மோசில் மிளகு ரசம் கொண்டுவருவார். விரதத்தில் இருக்கிறேன் என்று பூண்டு கூடப் போடாமல் வைத்திருந்தார். வாழ்க்கையில் முதல் முறை ரசம் வைத்த மனுஷன். வாயில் வைக்க முடியவில்லை, இருந்தாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. அந்த ரசத்தைக் குடித்துவிட்டு நான் அழுதது அவருக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார். "லெட்சுமி அக்காகூட ரெண்டு நாளா வேலைக்குப் போகலையாம். வாந்தியாம், எழுந்திரிக்க முடியலையாம். ரெண்டு பேருக்கும் இந்த வயசுல விரதம் ஒத்துக்கல போலிருக்கு."

எனக்கு வந்தது விரதக் களைப்பு இல்லை என்று அந்த ஊசி போட்டபோதே உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது. அக்காவும் என்னோடு ஒரே நாளில் நிறுத்தியவர். நான்தான் நிறுத்தச் சொன்னேன். என்னை ஆம்புலன்சில் தூக்கி வந்தார்கள். அவர் எஸ்டேட் வீட்டில் பாயில் படுத்துக்கொண்டு முருகன் சோதிக்கிறான் என்று கிடக்கிறார்.

"டாக்டரக் கூப்பிடுங்க" என்றேன்.

"என்னாச்சு, வலிக்குதா?"

"கூப்பிடுங்கன்னா கூப்பிடுங்க."

டாக்டர் நிர்மலா வந்தார். வீட்டுக்காரர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மாதம், தினம் இரண்டு, மாட்டெலும்புக் கூடு, விரதம் எல்லாம். சீட் போனால் போகட்டும் என்று சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. போகக்கூடாது என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. இருந்தும் சொன்னேன்.

அவர் முதலில் கேட்டது, "வேற யாருக்குக் குடுத்தீங்க?"

"நான் குடுத்தேன்னு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் குடுக்கிறாங்க, அம்மா. நல்ல மருந்துன்னு நினைச்சா யாரும் தனியா வச்சுக்கிறதில்ல."

பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து புரியும்படி சொன்னார். இந்த மாதிரிக் கேப்சூல்களில் மூலிகையோடு ஸ்டீராய்டு என்கிற மருந்தை ரகசியமாகக் கலந்துவிடுகிறார்கள். வலியை உடனே அடக்குவது அதுதான். சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. உடம்பு நிமிர்ந்து நிற்கத் தேவையான ஒன்றை தினமும் சுரப்பது அதன் வேலை. வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் அது வேலையை விட்டுவிட்டுத் தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது. அழுத்தம் விழும், உயிரே போகலாம். அதனால் சாப்பிட்டது தப்பு, சாப்பிட்டவர்கள் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. ஆஸ்பத்திரியில் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

"உங்க ஃபிரண்டு உடனே வரணும். இன்னிக்கே" என்றார்.

வீட்டுக்காரரை வேனை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, நான் போன் போட்டேன். லெட்சுமி அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வந்தா பால்குடம் என்னாகறது? இன்னும் ரெண்டு நாளுதானே."

"அக்கா, இது விரதம் இல்ல. நான் குடுத்த மருந்து மூலிகை இல்ல, உள்ள வேற கலந்திருக்கான். அத நிறுத்தினதுதான் உனக்கு இப்படிப் பண்ணுது. எனக்கும் அதான்."

"நீதானே குடுத்த."

"நான்தான் குடுத்தேன்."

"நீதானே நிறுத்தச் சொன்ன."

"அதுவும் நான்தான். திட்டு, வந்து திட்டு. அவரு வேன எடுத்துட்டு வந்துட்டிருக்காரு, ஏறிடு."

"நா வரல சரோஜா. சாமிக்குச் சொன்னது சொன்னதுதான்."

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "சரி. நீ வரலன்னா நான் வரேன். கைல இருக்கற இந்த டிரிப்பப் பிடுங்கிட்டு, இந்த ஆஸ்பத்திரி கவுனோட, டாக்சி பிடிச்சு உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பேன். நான் வருவேனா மாட்டேனான்னு உனக்குத் தெரியும்."

அக்கா பாயிலிருந்து முனகிக்கொண்டே எழுந்து உட்காருவது கேட்டது. பிறகு, "வராத. நான் வரேன்" என்றார்.

அன்று சாயங்காலமே அவரைக் கொண்டுவந்து அதே வார்டில் எனக்கு எதிரே போட்டார்கள். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. இனிப்புநீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாந்தியும் எடுத்திருக்கிறார். இன்னும் ஒருநாள் போயிருந்தால் எழுப்பியிருக்க முடியாது என்று டாக்டர் வெளியே வீட்டுக்காரரிடம் சொன்னாராம். மறுநாள் காலை அக்கா கண்ணைத் திறந்து தெளிவாகப் பார்த்தார். நான் டிரிப் கம்பியைத் தள்ளிக்கொண்டு அவர் கட்டிலுக்குப் போனேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"விழுந்த அன்னிக்கு, உனக்கு வண்டி ஓட்டும்போதே தல சுத்திச்சா?" என்று கேட்டார்.

பொய் சொல்லலாம். சொல்லி மூன்று நாள் ஆகவில்லை, வாய் இன்னும் பழக்கத்தில்தான் இருந்தது. "சுத்திச்சு" என்றேன். "ஆலை முச்சந்திலேர்ந்து."

"நான் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன். சொல்லலியே."

"சொல்லல."

"பதினோரு பேரு சரோஜா. மருந்து குடுத்தது தெரியாம குடுத்த, அத விட்டுடலாம். இத எப்படி விடறது?" சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தைப்பூசத்தன்று இருவரும் எதிரெதிர்க் கட்டிலில் கிடந்தோம். வீட்டுக்காரர் கோயிலிலிருந்து விபூதி கொண்டுவந்து எனக்குப் பூசி, அக்காவுக்கும் பூசினார். அக்கா அவரிடம் பேசினார், என்னிடம் பேசவில்லை. ரொக்கியா மக்சிக் இதையெல்லாம் பார்த்துவிட்டு, எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தனுப்பினார். அக்கா அதையும் வாங்கிக்கொண்டார், என்னைப் பார்க்காமல்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் கட்டணம் பெரிதாக இல்லை. அளந்து கொடுத்த மாத்திரை, குறைக்க வேண்டிய நாட்கள் எழுதிய தாள், இவ்வளவும் கையில். ஸ்டீராய்டு அடக்கி வைத்திருந்த வலி முழுசாக வெளியே வந்தது. படுத்தால் வலி, எழுந்தால் வலி. அந்த வாரம் வீட்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தார்.

"வேன வித்துடலாம் சரோ."

"நான் செத்ததுக்கப்புறம் வித்துக்குங்க. அதுவரைக்கும் ரோட் டெக்சு கட்டுங்க."

படுக்கையிலிருந்து நான் செய்த முதல் வேலை, நான் விழுந்ததிலிருந்து எனக்கு மாற்றாக வேனை ஓட்டிக்கொண்டிருந்த கூலிம் அண்ணன் ஒருவரிடம் சொல்லி, சாயங்காலம் வேனை என் வீட்டு வாசலில் நிறுத்தச் செய்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, ஜன்னல் வழியாக எல்லாப் பெண்களிடமும் சொன்னேன். கேப்சூலில் என்ன இருந்தது, நான் எப்படி மறைத்தேன், தலை சுற்றச் சுற்ற எப்படி ஓட்டினேன் என்று ஒன்று விடாமல். என்னிடம் வாங்கிய மற்ற மூன்று பேரிடமும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நாளைக்கே கிளினிக் போக வேண்டும் என்றேன். பின்சீட்டிலிருந்து ஒருத்தி, "அப்ப நாங்க யாரத்தான்கா நம்பறது?" என்று கேட்டாள். மறுநாள் வீட்டுக்காரர் அந்த மூன்று பேரையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். மிச்சமிருந்த போத்தல்களை அங்கிருந்த மருந்து அதிகாரி வாங்கிக்கொண்டார். போத்தலில் இருந்த பதிவு எண் பொய்யாம். ஹலால் முத்திரையும் பொய்யாம். நான் கவலைப்பட்ட கூடு எதில் செய்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, நடக்க முடிந்ததும் பசார் மாலாமுக்குப் போனேன். அந்த ஆள் இல்லை. வேறு ஒருவன் வேறு ஒட்டுப்பேப்பரோடு அதே மாதிரி போத்தலை வைத்துக்கொண்டு மைக்கில் பேசிக்கொண்டிருந்தான். மேசைக்கு முன்னால் நின்று நீளக்கை சட்டையைத் தோள்வரை சுருட்டி, கன்றின கையை எல்லோருக்கும் காட்டினேன். "தம்பி, இதுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லு. நான் எட்டு மாசம் சாப்பிட்டவ" என்றேன். அவன் மைக்கில் பேசினான், நான் மைக் இல்லாமல் பேசினேன். என் குரல் எஸ்டேட்டில் வளர்ந்த குரல். அரைமணி நேரத்தில் அவன் மேசையை மடித்தான். அடுத்த வாரம் வேறு ஊரில் விரித்திருப்பான், எனக்குத் தெரியும். அங்கேயும் யாராவது ஒரு சரோஜா இருக்கட்டும்.

சீட்டுக்கு வருகிறேன். டாக்டர் நிர்மலாவிடம், முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். விடியற்காலையில் வேன் ஓட்டுகிறவள் நான், வலிக்கு என்ன வழி? 'ஓட்டாதே' என்பார் என்று பயந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நரம்பு மாத்திரையை மிகக் குறைந்த அளவில் தொடங்கலாம். படுக்கும்போது போடாமல் சாயங்காலமே போடலாம். மூன்று மாதம் ஓட்டக் கூடாது. அதற்குள் காலையில் தூக்கம் தெளிகிறதா, கால் கிளட்சை மிதிக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இவ்வளவுதான். ஒரு வருடம் முன்பு நான் வாயைத் திறந்திருந்தால் கிடைத்திருக்கும். மூன்று மாதமும் பிசியோவில் ஒரு பெண் என்னைத் தரையில் போட்டு, இடுப்பைத் தூக்கு, இறக்கு என்று படுத்தி எடுத்தாள். வலிக்குது என்பேன். தெரியும், இன்னும் பத்து என்பாள். அவளை எனக்குப் பிடித்துப் போயிற்று. லைசென்ஸ் மருத்துவப் பாரத்தில் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்ற இடத்தில் எழுத இடம் பத்தவில்லை, தனித்தாள் வைத்து எழுதினேன். டாக்டர் கொடுத்த கடிதத்தையும் வைத்தேன். பாரத்தைப் பார்த்த மருத்துவர் என்னைப் பத்து தடவை உட்கார்ந்து எழச் சொன்னார். எழுந்தேன். கையெழுத்துப் போட்டார்.

லெட்சுமி அக்கா உடம்பு தேறி வேலைக்குத் திரும்பியிருந்தார். ஆனால் வேறு வேனில் போய்க்கொண்டிருந்தார். நான் போன் செய்தால் எடுப்பதில்லை.

மறுபடியும் வேனை எடுத்த முதல் காலை, வழக்கம்போல் பாடாங் மேஹாவில் அக்காவின் வீட்டு முச்சந்தியில்தான் முதலில் நிறுத்தினேன். அவர் என் வேனில் இல்லை என்று தெரியும். இருந்தாலும் நிறுத்தினேன். நான்கு வருடம் முதலில் நிறுத்திய இடம், அவர் பேசாவிட்டால் நான் தாண்டிப் போய்விடுவேனா? வேண்டுமானால் தினமும் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போகிறேன் என்று இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சோற்றுப் பையோடு அக்கா நடந்து வந்தார். முன் கதவைத் திறந்தார். ஏறவில்லை.

"நேத்து என்ன மாத்திர போட்ட?"

"சாயங்காலம் ஏழு மணிக்கு நரம்பு மாத்திர. இப்ப எழுந்ததும் டாக்டர் குறைச்சுக் குடுக்கற ஸ்டீராய்டு அரை, வலிக்கு ஒண்ணு."

"தூக்கம்?"

"இல்ல."

"தல சுத்துதா?"

"இல்ல."

"கிளட்சு மிதிக்குதா?"

மிதித்துக் காட்டினேன்.

"வலி?"

"வலிக்குதுக்கா. குதிகால் வரைக்கும் இழுக்குது."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பழைய உருண்டை முகம் வடிந்து, எலும்பு தெரிய ஆரம்பித்திருந்த முகம். பிறகு ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"வலிக்குதுன்னு சொல்லிட்ட இல்ல, அது போதும். தினமும் கேப்பேன். எடு வண்டிய."

எடுத்தேன்.